அவசரக் கருத்தடை மாத்திரை: எவ்வளவு பலிக்கும், உடம்பை என்ன செய்யும்?

கேள்வி இதுதான். வயது 26. மாதவிடாய் பெரும்பாலும் 28 நாளுக்கு ஒருமுறை வருகிறது. மாதவிடாய் தொடங்கி 13ஆம் நாள் இரவு உறவின்போது ஆணுறை கிழிந்துவிட்டது. ஏறக்குறைய 20 மணி நேரம் கழித்து லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. மாத்திரை ஒன்று போட்டிருக்கிறார். அன்று முழுக்கக் குமட்டல், இரண்டு நாள் அசதி. மாத்திரை போட்ட ஆறாம் நாள் லேசாக ரத்தம் பட்டு, இரண்டு நாளில் நின்றுவிட்டது. பத்தாம் நாள் வீட்டிலேயே பரிசோதித்ததில் ஒரு கோடுதான் தெரிந்தது. இப்போது மாதவிடாய் தேதி தாண்டி நான்கு நாள். "ரத்தம் வந்ததே, மாத்திரை வேலை செய்துவிட்டது என்றுதானே அர்த்தம்? பின்னால் குழந்தை பிறப்பதில் ஏதாவது சிக்கல் வருமா?" என்று கேட்கிறார்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறாம் நாள் வந்த ரத்தம் எதற்கும் சாட்சி இல்லை. பத்தாம் நாள் செய்த பரிசோதனை ரொம்பச் சீக்கிரம், அதையும் நம்ப வேண்டாம். நான்கு நாள் தள்ளிப்போவது இந்த மாத்திரைக்குப் பிறகு சாதாரணமாக நடப்பது. குழந்தைப்பேற்றுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. இனி ஒவ்வொன்றுக்கும் காரணம்.

நான் மருந்தாளுநர். இந்த மாத்திரை கேட்டு வருகிறவர்களின் குரல் எப்போதும் ஒரு சுருதி இறங்கித்தான் இருக்கும். பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், செல்பேசியில் படத்தைக் காட்டுவார்கள். வாங்கிய கையோடு பைக்குள் திணித்துக்கொண்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே போய்விடுவார்கள். கேட்கிற ஓரிருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எத்தனை மணி நேரத்துக்குள்ள போடணும்?" சரியான கேள்விதான், ஆனால் பாதிக் கேள்வி. மீதிப் பாதியை யாரும் கேட்பதே இல்லை: "மாதவிடாய் தொடங்கி இன்று எனக்கு எத்தனையாவது நாள்?"

பலர் மனதில் இருக்கும் படம் இப்படி: மாத்திரை உள்ளே போய் எதையோ கரைத்துக் கழுவி வெளியே தள்ளுகிறது, அதனால்தான் ரத்தம் வருகிறது. அப்படி எதுவும் நடப்பதில்லை. இந்த மாத்திரை செய்வது ஒரே ஒரு வேலை. கருமுட்டை வெளியே வருவதைச் சில நாட்கள் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான்.

ஏன் தள்ளிப்போட வேண்டும்? உறவு நடந்த அன்றே கரு உண்டாகிவிடுவதில்லை. விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு காத்திருக்கும். கருமுட்டையோ வெளிவந்த பின் 12 முதல் 24 மணி நேரம்தான் தாங்கும். ஆகவே ஒரு சுழற்சியில் கரு தரிக்கக்கூடிய நாட்கள் மொத்தம் ஆறுதான்: கருமுட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும். 1995இல் வெளியான ஓர் ஆய்வு இதை நாள்வாரியாகக் கணக்கிட்டது. கருமுட்டை வெளியேற ஐந்து நாள் இருக்கும்போது உறவு நடந்தால் வாய்ப்பு பத்தில் ஒன்று. வெளியேறும் நாளன்று என்றால் மூன்றில் ஒன்று. அதற்கு மறுநாளே ஒன்றுமில்லை.

விந்தணுக்கள் வாசலில் காத்திருக்கின்றன, கதவு இன்னும் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு திறப்பதை ஐந்தாறு நாள் தாமதப்படுத்திவிட்டால், காத்திருப்பவை தாமாகவே செத்துப்போகும். மாத்திரை போடும் கணக்கு இதுதான். கதவு ஏற்கெனவே திறந்துவிட்டதென்றால் மாத்திரைக்கு அங்கே செய்ய வேலை இல்லை.

இன்னும் கொஞ்சம் உள்ளே போவோம், விஷயமே இங்கேதான் இருக்கிறது. கருமுட்டையை வெளியே தள்ளச் சொல்லி மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.ஹெச். என்ற ஹார்மோனைத் திடீரென்று அலையாகப் பொங்கவிடும். அந்த அலை தொடங்கி ஒன்றரை நாளுக்குள் முட்டை வெளியே வந்துவிடும். லெவோநார்ஜெஸ்ட்ரல் அந்த அலை எழாமல் அமுக்கும். அலை எழுந்துவிட்டால் அதனால் தடுக்க முடியாது. சிலி நாட்டில் நடந்த ஓர் ஆய்வில், மாத்திரை போட்ட பெண்களின் ரத்தத்தையும் ஸ்கேனையும் வைத்து ஒவ்வொருவரும் சுழற்சியின் எந்தக் கட்டத்தில் இருந்தார் என்று பார்த்தார்கள். கருமுட்டை வெளியேறும் முன் போட்டவர்களில் ஒருவர்கூடக் கருத்தரிக்கவில்லை. வெளியேறிய அன்றோ அதன் பிறகோ போட்டவர்களில், மாத்திரையே போடாதிருந்தால் எத்தனை பேர் கருத்தரிப்பார்களோ கிட்டத்தட்ட அத்தனை பேர் கருத்தரித்தார்கள். இடைப்பட்ட நிலை என்று அங்கே எதுவும் இல்லை.

இது கருக்கலைப்பு மாத்திரையா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இல்லை. கலைப்புக்குக் கொடுப்பது மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற வேறு மருந்துகள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரையின் விவரக்குறிப்பை 2022 டிசம்பரில் திருத்தி, கரு கருப்பையில் பதிவதில் இது குறுக்கிடுவதில்லை என்பதைத் தெளிவாக்கியது. கரு ஏற்கெனவே பதிந்திருந்தால் இந்த மாத்திரை அதை அசைக்காது. தெரியாமல் போட்டுவிட்டாலும் குழந்தைக்குக் கேடு வந்ததாக எந்தச் சான்றும் இல்லை.

சரி, இப்போது சதவீதத்துக்கு வருவோம். அட்டைப்பெட்டியிலும் இணையத்திலும் ஆளுக்கொரு எண் இருக்கும்: 95, 89, 85, 58. "85 சதவீதம் பலிக்கும்" என்றதும், போட்ட 100 பேரில் 15 பேர் கருத்தரிப்பார்கள் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். அது தவறு.

உலக சுகாதார நிறுவனம் நடத்தி 1998இல் வெளியிட்ட பெரிய ஆய்வைப் பாருங்கள். அந்த 85 அங்கிருந்துதான் வந்தது. லெவோநார்ஜெஸ்ட்ரல் போட்ட 976 பெண்களில் 11 பேர் கருத்தரித்தார்கள். அதாவது நூற்றுக்கு ஒருவர் என்ற அளவு. மாத்திரையே இல்லாவிட்டால் அந்த 976 பேரில் எத்தனை பேர் கருத்தரித்திருப்பார்கள் என்று அவரவர் சுழற்சி நாளை வைத்துக் கணக்குப் போட்டபோது 70க்குச் சற்று மேல் வந்தது. எழுபதுக்கு மேல் இருக்க வேண்டியது பதினொன்றாகக் குறைந்தது. அந்தக் குறைவுதான் 85 சதவீதம். ஒரே ஒரு முறை பாதுகாப்பில்லாமல் உறவு கொண்டாலே கரு நின்றுவிடும் என்பதில்லை. பெரும்பாலானோர் மாத்திரை போடாமலே தப்பியிருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பெண் மூன்று தடவை போட்டு மூன்று தடவையும் பலித்தது என்று சொன்னால், அதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, நாளின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த 85ஐயும் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. எதிர்பார்த்த கர்ப்பங்களின் எண்ணிக்கை, பெண்கள் தங்கள் கடைசி மாதவிடாய்த் தேதியை நினைவிலிருந்து சொன்னதை வைத்துப் போட்ட கணக்கு. பதற்றத்தில் இருப்பவர் சொல்லும் தேதி இரண்டு நாள் பிசகினாலே கணக்கு மாறிவிடும். உண்மையான பலன் அதைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அதே ஆய்வில் மணி நேரக் கணக்கும் வந்தது. 24 மணிக்குள் போட்டவர்களுக்கு 95 சதவீதம், 25 முதல் 48 மணிக்குள் 85, 49 முதல் 72 மணிக்குள் 58. சீக்கிரம் போடு என்று எல்லோரும் அடித்துச் சொல்வதன் மூலம் இதுதான். ஆனால் மாத்திரையின் வீரியம் மணிக்கு மணி வடிந்துகொண்டிருப்பதாக இதற்கு அர்த்தம் இல்லை. காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் எல்.ஹெச். அலை எழுந்துவிடும் வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான் மூன்றாம் நாள் போட்டும் சிலருக்குப் பலிக்கிறது, மூன்றாம் மணியில் போட்டும் சிலருக்குப் பலிக்காமல் போகிறது.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 28 நாள் சுழற்சி என்றால் கருமுட்டை 14ஆம் நாளை ஒட்டி வெளியேறும் என்று சொல்வது வழக்கம். ஆணுறை கிழிந்தது 13ஆம் நாள் இரவு, மாத்திரை போட்டது 14ஆம் நாள் மாலை. அந்த மாதம் முட்டை 17ஆம் நாள் வர இருந்தது என்றால் நீங்கள் மிகச் சரியான நேரத்தில் போட்டிருக்கிறீர்கள். 15ஆம் நாள் வர இருந்தது என்றால் அலை எழுந்திருக்கும், மாத்திரை பலித்திருக்குமா என்பது சந்தேகம். 12ஆம் நாளே வந்து முடிந்திருந்தால் மாத்திரையே தேவைப்பட்டிருக்காது. இந்த மூன்றில் எது நடந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. 14ஆம் நாள் என்ற பாடப்புத்தகக் கணக்கும் பலருக்குப் பொருந்துவதில்லை. 2000இல் வந்த ஓர் ஆய்வில், அந்த ஆறு நாட்களும் 10ஆம் நாளுக்கும் 17ஆம் நாளுக்கும் நடுவில் முழுதாக அடங்கியது ஏறத்தாழ 30 சதவீதப் பெண்களுக்குத்தான். ஆகவே "எனக்கு அது பாதுகாப்பான நாள்" என்று விரல் விட்டு எண்ணி மாத்திரையைத் தவிர்ப்பதும் சரியல்ல. சந்தேகம் என்றால் போட்டுவிடுவதே மேல்.

சுழற்சியின் நடுப்பகுதியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இரண்டு வழிகள் இருக்கின்றன. உங்கள் நிலையில் ஒருவர் அன்றைக்கே என்னிடம் வந்திருந்தால் அவற்றைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

ஒன்று யூலிப்ரிஸ்டல் அசிடேட் 30 மி.கி. ஐரோப்பாவில் 2009இலும் அமெரிக்காவில் 2010இலும் அனுமதி பெற்றது. எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை. இதன் சிறப்பு, எல்.ஹெச். அலை எழத் தொடங்கிய பிறகும் அது உச்சத்தைத் தொடும்வரை இதற்குத் தடுக்கும் சக்தி உண்டு என்பதுதான். கருமுட்டைப் பையை ஸ்கேனில் கவனித்த ஆய்வுகளில், அலை எழுந்து உச்சம் தொடாத நிலையில் யூலிப்ரிஸ்டல் நூற்றுக்கு 79 சுழற்சிகளில் முட்டையை ஐந்து நாளாவது தள்ளிப்போட்டது. அதே கட்டத்தில் லெவோநார்ஜெஸ்ட்ரல் 14தான். மருந்தே இல்லாத போலி மாத்திரைக்கே 10 வந்தது. கரு நிற்கும் வாய்ப்பு மிக அதிகமான நாட்கள் அவைதான் என்பதால் இந்த வித்தியாசம் பெரியது. உச்சம் தொட்டுவிட்டால் இதுவும் கைவிட்டுவிடும். ஐந்து நாள், அதாவது 120 மணி நேரம் வரை போடலாம். கல்லீரல் நோய் முற்றியவர்களுக்கும், கடுமையான ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது பரிந்துரைக்கப்படுவதில்லை. பாலூட்டுபவர்கள் போட்டால் ஒரு வாரம் பாலைக் கறந்து கொட்டிவிடச் சொல்கிறது மருந்துக் குறிப்பு. லெவோநார்ஜெஸ்ட்ரலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று காப்பர் டி. அவசரக் கருத்தடை என்றால் மாத்திரை என்றே மனதில் பதிந்துவிட்டதால் இதை யாரும் நினைப்பதில்லை. ஆனால் பலனில் இதற்குப் பக்கத்தில் எதுவும் வராது. உறவுக்குப் பிறகு ஐந்து நாளுக்குள் கருப்பையில் பொருத்திவிட்டால் கரு நிற்பது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. தாமிரம் விந்தணுவை முடக்கிவிடுகிறது, முட்டை வெளியேறியதா இல்லையா என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. உடல் எடை, வேறு மருந்துகள் எதுவும் அதன் பலனைக் குறைப்பதில்லை. அப்படியே விட்டுவிட்டால் பத்து ஆண்டு வரை கருத்தடையாகவும் இருக்கும். சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது: பொருத்தத் தெரிந்த மருத்துவர் அல்லது செவிலியர் வேண்டும், பொருத்தும்போது வலிக்கும், முதல் சில மாதங்கள் மாதவிடாயில் ரத்தம் கூடும். இதையெல்லாம் ஏற்கத் தயாரானவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பேன்.

இனி பக்க விளைவுகள். குமட்டலும் வாந்தியும்தான் எல்லோரும் பயப்படுவது. அந்தப் பயம் பழைய காலத்திலிருந்து தொடர்கிறது. 1970களில் கனடா மருத்துவர் ஆல்பர்ட் யூஸ்பே கொண்டுவந்த முறைப்படி, தினமும் சாப்பிடும் கலவைக் கருத்தடை மாத்திரைகள் பலவற்றை இரண்டு தவணையாக விழுங்க வேண்டும். அதில் ஈஸ்ட்ரோஜன் உண்டு, அதுதான் வயிற்றைப் பிரட்டும். 1998 ஆய்வில் அந்த முறையையும் ஒப்பிட்டார்கள். அதில் குமட்டல் பாதிப்பேருக்கு, வாந்தி ஐந்தில் ஒருவருக்கு. லெவோநார்ஜெஸ்ட்ரலில் குமட்டல் நான்கில் ஒருவருக்கும் குறைவு, வாந்தி நூற்றுக்கு ஐந்தாறு பேர். உங்களுக்கு இருந்த அசதி ஆறில் ஒருவருக்கு வருவது. தலைசுற்றல், தலைவலி, அடிவயிற்றில் பிடிப்பு, மார்பு கனத்து வலிப்பது எல்லாமே வரலாம், ஓரிரு நாளில் போய்விடும். யூலிப்ரிஸ்டலுக்கும் இதே கதைதான்.

வாந்தியில் ஒரு விஷயத்தைத்தான் கவனிக்க வேண்டும்: எப்போது எடுத்தீர்கள் என்பது. போட்ட மூன்று மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் மறுபடி ஒரு மாத்திரை போட வேண்டும். லெவோநார்ஜெஸ்ட்ரலுக்கு இரண்டு மணி நேரம் போதும் என்று சொல்லும் வழிகாட்டுதலும் உண்டு. அதற்குப் பிறகு என்றால் மருந்து ரத்தத்தில் கலந்துவிட்டது, மறுபடி போட வேண்டியதில்லை. குமட்டல் இருந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்றும் நினைக்க வேண்டாம். ஒன்றுமே தெரியாமல் போனவர்களுக்கும் அதே அளவுக்குத்தான் பலிக்கும்.

ரத்தத்துக்கு வருகிறேன், உங்கள் கேள்வியின் மையமே அதுதான். மாத்திரையில் இருப்பது புரோஜெஸ்ட்ரோன் வகை ஹார்மோன், தினசரி மாத்திரையில் இருப்பதைப் போலப் பத்து மடங்கு அளவில். அதன் அளவு சட்டென்று ஏறி, இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். அந்த ஏற்ற இறக்கத்தில் கருப்பையின் உட்படலம் கொஞ்சம் உதிரலாம். ஒரு வாரத்துக்குள் துளித்துளியாகவோ, சிலருக்குக் குறைந்த மாதவிடாய் போலவோ பட்டு நிற்கும். சிலருக்கு வராமலே இருக்கும். இது உட்படலத்தின் கதை, முட்டைக்கும் கருவுக்கும் இதில் சம்பந்தமில்லை. கரு நின்றவருக்கும் இப்படி ரத்தம் படலாம். ஆகவே இதை மாதவிடாய் என்று குறித்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடுவதுதான் இந்த மாத்திரையில் நான் பார்க்கும் பெரிய ஆபத்து. குமட்டலெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

அடுத்த மாதவிடாயின் தேதியும் ஆட்டம் காணும். சுழற்சியின் தொடக்கத்தில் போட்டால் பெரும்பாலும் முன்கூட்டியே வரும், பின்பகுதியில் போட்டால் தள்ளிப்போகலாம். பெரும்பாலோருக்கு வழக்கமான தேதிக்கு ஒரு வாரம் முன்னே பின்னே வந்துவிடும். யூலிப்ரிஸ்டல் என்றால் இரண்டு மூன்று நாள் தாமதம் சர்வசாதாரணம். முட்டையே தாமதமாக வெளிவந்தால் மாதவிடாயும் தாமதமாகத்தானே வரும்? ஒருவகையில் மாத்திரை வேலை செய்ததன் விளைவாகவே தாமதம் வரலாம். ஆனால் கரு நின்றாலும் தாமதம்தான். இரண்டையும் பிரித்துக் காட்டுவது பரிசோதனை மட்டுமே.

முட்டையைத் தள்ளிப்போட்டிருக்கிறோம், ஒழித்துவிடவில்லை என்று சொன்னேன் அல்லவா? இதில் ஒரு பொறி இருக்கிறது. இன்று வர வேண்டிய முட்டை ஐந்து, ஆறு, ஏழு நாள் கழித்து வரும். அந்த நேரத்தில் "அதான் மாத்திரை போட்டாச்சே" என்று மறுபடி பாதுகாப்பில்லாமல் உறவு கொண்டால், கதவு திறக்கும் நாளிலேயே போய் நிற்கிற மாதிரி ஆகிவிடும். மாத்திரை போட்டபின் பலித்தும், அதே சுழற்சியில் கருத்தரித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மாத்திரையைக் குறை சொல்வார்கள். அடுத்த மாதவிடாய் வரும்வரை ஆணுறை இல்லாமல் உறவே வேண்டாம். தினசரி மாத்திரை தொடங்க நினைப்பவர்கள் லெவோநார்ஜெஸ்ட்ரலுக்குப் பிறகு உடனே தொடங்கலாம். யூலிப்ரிஸ்டலுக்குப் பிறகு ஐந்து நாள் பொறுக்க வேண்டும். முன்கூட்டித் தொடங்கினால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து, தள்ளிப்போட்ட முட்டை வெளியே வந்துவிடலாம். யூலிப்ரிஸ்டல் போடுவதற்கு முந்தைய ஒரு வாரத்தில் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இதே காரணத்தால் அது சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

மாத்திரை வாங்கும்போது மறைக்கக் கூடாத தகவல் ஒன்று உண்டு: வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பது. வலிப்புக்குச் சாப்பிடும் கார்பமசெபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டோன், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி. மருந்தான எஃபாவிரென்ஸ் இவையெல்லாம் கல்லீரலை முடுக்கிவிட்டு, கருத்தடை ஹார்மோனை வேகமாகச் சிதைத்துவிடும். கடந்த நான்கு வாரத்தில் இவற்றில் எதையாவது சாப்பிட்டிருந்தால் காப்பர் டிதான் முதல் தேர்வு. அது முடியாதென்றால் லெவோநார்ஜெஸ்ட்ரலை இரட்டிப்பாக, 3 மி.கி. போடச் சொல்லி பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் அறிவுறுத்தியது. சளி, காய்ச்சலுக்குச் சாப்பிடும் சாதாரண ஆன்டிபயாட்டிக்குகளால் ஒன்றும் ஆகாது.

உடல் எடையும் கணக்கில் வரும். பருமனான பெண்களின் ரத்தத்தில் லெவோநார்ஜெஸ்ட்ரல் மற்றவர்களைவிடப் பாதியளவுதான் சேருகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். 2014இல் ஐரோப்பிய மருந்து அமைப்பு, எடையைக் காரணம் காட்டி மாத்திரையை மறுக்கும் அளவுக்குச் சான்று போதாது என்று சொன்னது. பிரிட்டனில் 70 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கு யூலிப்ரிஸ்டலோ இரட்டை லெவோநார்ஜெஸ்ட்ரலோ தரச் சொல்கிறார்கள். ஆனால் 2022இல் வந்த ஆய்வில், பருமனான பெண்களுக்கு அளவை இரட்டித்தும் முட்டையைத் தள்ளிப்போடுவதில் ஆதாயம் தெரியவில்லை. எடை கூடியவர்கள் என்னைக் கேட்டால் காப்பர் டி, முடியாவிட்டால் யூலிப்ரிஸ்டல், இரண்டும் கிடைக்காவிட்டால் கையில் இருக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற வரிசையில் சொல்வேன். ஒன்றும் போடாமல் இருப்பதைவிட அது மேல்.

புதிதாக வந்த ஒரு செய்தியும் சுவாரசியமானது. ஹாங்காங்கில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், லெவோநார்ஜெஸ்ட்ரலோடு பைராக்சிகாம் 40 மி.கி. என்ற வலிநிவாரணியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சேர்த்துப் போட்ட 418 பேரில் ஒருவர் மட்டும் கருத்தரித்தார். லெவோநார்ஜெஸ்ட்ரல் மட்டும் போட்ட 418 பேரில் ஏழு பேர். நல்ல அறிகுறிதான், ஆனால் ஒரே ஆய்வு. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாத மருந்து அது. வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு வலி மாத்திரையைச் சேர்த்து விழுங்குவதற்கு இதைக் காரணமாக்க வேண்டாம்.

குழந்தைப்பேறு பற்றிய பயத்துக்கு வருகிறேன். மாத்திரையின் ஹார்மோன் சில நாளில் உடம்பைவிட்டுப் போய்விடும். அடுத்த சுழற்சியிலேயே முட்டை வழக்கம்போல வரும். அதே சுழற்சியில்கூட கருத்தரிக்கலாம் என்று மேலே சொன்னேனே, அந்த ஆபத்தே இந்தப் பயத்துக்கு நல்ல பதில். ஒருமுறைக்கு மேல் போட்டாலும் கருப்பை கெட்டுவிடாது. ஒரே சுழற்சியில் இரண்டாவது முறை தேவைப்பட்டாலும் போடலாம், முதலில் போட்ட வகையையே போட வேண்டும். மாதாமாதம் இதையே நம்பியிருந்தால் மாதவிடாய் தாறுமாறாகும், தினசரி முறைகளைவிடத் தோல்வியும் அதிகம். அதனால்தான் வேண்டாம் என்கிறோம், மலடாகிவிடும் என்பதற்காக அல்ல. இதில் ஈஸ்ட்ரோஜன் இல்லாததால், ரத்தம் உறையும் ஆபத்துக்காகக் கலவை மாத்திரை கூடாது என்று சொல்லப்பட்டவர்களும் இந்த ஒற்றை மாத்திரையைப் போடலாம். பால்வினை நோய்களுக்கு மட்டும் இது எந்தப் பாதுகாப்பும் தராது.

உண்மையிலேயே பதற வேண்டிய அறிகுறி ஒன்றுதான். மாத்திரை போட்டு மூன்று முதல் ஐந்து வாரத்தில் அடிவயிற்றில், குறிப்பாக ஒரு பக்கமாக, கடுமையான வலி, மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம். மாத்திரை இதை உண்டாக்குவதில்லை. ஆனால் மாத்திரை தோற்று நிற்கும் கரு எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்தாக வேண்டும்.

இப்போது உங்களுக்கு. ஆணுறை கிழிந்த இரவிலிருந்து எண்ணினால் இன்று 20ஆம் நாள். வீட்டுப் பரிசோதனை எதிர்பார்ப்பது ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோனை. கரு பதிந்த பிறகுதான் அது சுரக்கவே தொடங்கும், பதிவதற்கே முட்டை வெளிவந்து பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். நீங்கள் பத்தாம் நாள் பார்த்தபோது கரு இருந்திருந்தாலும் சிறுநீரில் தெரிந்திருக்காது. உறவுக்கு 21 நாள் கழித்துச் செய்யும் பரிசோதனையை நம்பலாம். அதாவது நாளை. காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரில் செய்யுங்கள், அதில்தான் ஹார்மோன் செறிவாக இருக்கும். அட்டையில் சொன்ன நிமிடத்துக்குள் பார்த்துவிடுங்கள், அரைமணி கழித்து மங்கலாகத் தெரியும் கோட்டை வைத்துக் குழம்ப வேண்டாம்.

அந்த இரவுக்குப் பிறகு வேறு உறவு இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. பாதுகாப்பில்லாமல் இருந்திருந்தால் 21 நாளை அந்தக் கடைசி நாளிலிருந்து எண்ண வேண்டும். இல்லையென்றால் நாளை ஒரு கோடு வந்ததும் இந்தக் கவலையை விட்டுவிடலாம், மாதவிடாய் சில நாளில் தானாக வரும். இன்னும் ஒரு வாரம் வராவிட்டால் மறுபடி ஒருமுறை பரிசோதித்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இரண்டு கோடு வந்தால் அந்த வாரமே பாருங்கள். எந்த முடிவு எடுப்பதாக இருந்தாலும் முதலில் ஸ்கேனில் கரு எங்கே இருக்கிறது, எத்தனை வாரம் என்று தெரிய வேண்டும். மாத்திரை போட்ட தேதியையும் மணியையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஆறாம் நாள் பட்ட ரத்தத்தைக் கடைசி மாதவிடாய் என்று சொல்லிவிடாதீர்கள், வாரக் கணக்கே மாறிவிடும்.